பதினோரு வருஷம் கழித்து வந்த கட்டி: கல்லீரல் நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் பற்றி வாசகர் கேள்விகள்

நடிகர் இர்ஃபான் கான் 2018 மார்ச்சில் தன் நோயின் பெயரை வெளியில் சொன்னபோதுதான் 'நியூரோஎண்டோகிரைன் கட்டி' என்ற சொல் நம் வீடுகளில் பலருக்குக் காதில் விழுந்தது. ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் கட்டி இது. குடல், கணையம், நுரையீரல் என எங்கும் வரலாம். பரவினால் பெரும்பாலும் முதலில் போய் உட்காருவது கல்லீரலில். இம்முறை வந்த கடிதங்களில் பாதி இதைப் பற்றியவை என்பதால் மொத்தமாகப் பதில் சொல்கிறோம்.

கேள்வி: அப்பாவுக்கு 2013-ல் கல்லீரலின் வலது பாதியை எடுத்தார்கள். 'நியூரோஎண்டோகிரைன் கட்டி, கிரேடு 1' என்று ரிப்போர்ட். ஐந்து வருஷம் ஒழுங்காக ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை, அதோடு விட்டுவிட்டோம். பதினோரு வருஷம் கழித்து, முதுகுவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ.யில் முதுகெலும்பில் ஒன்று, மீதிக் கல்லீரலில் இரண்டு என்று வந்திருக்கிறது. ஐந்து வருஷம் தாண்டினால் தப்பித்தோம் என்றுதானே சொல்வார்கள்?
— வாசகி, ஈரோடு

பதில்: அந்த ஐந்து வருஷக் கணக்கு வேகமாக வளரும் புற்றுநோய்களுக்குப் போட்டது. இந்தக் கட்டிக்கு அது பொருந்தாது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அறுவை நடந்த அன்றே மீதிக் கல்லீரலில் 1 மில்லிமீட்டர் அளவில் ஒரு துகள் ஒட்டிக்கொண்டிருந்தது என்று வையுங்கள். கடுகைவிடச் சிறியது, எந்த ஸ்கேனிலும் தெரியாது. அது 1 சென்டிமீட்டர் ஆக வேண்டுமானால் குறுக்களவு பத்து மடங்கு, பருமன் ஆயிரம் மடங்கு கூட வேண்டும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி என்று பத்து முறை இரட்டித்தால் 1,024. ஒரு இரட்டிப்புக்கு இரண்டு மாதம் ஆகும் கட்டி 20 மாதத்தில் கண்ணில் படும். ஆறு மாதம் எடுத்தால் 5 வருஷம். ஒரு வருஷம் எடுத்தால் 10 வருஷம். கிரேடு என்பது கட்டி வளரும் வேகத்தின் அளவு, 1 என்றால் மெதுவானது. கிரேடு 1 கட்டிகள் பல இந்தக் கடைசி இரண்டு வகைக்குள் வரும்.

ஆக, அப்பாவுக்கு வந்திருப்பது புதுக்கட்டியாக இருக்க வாய்ப்பு குறைவு. 2013-லேயே இருந்து, உங்கள் ஐந்து வருஷ ஸ்கேன்களுக்கு எட்டாமல் வளர்ந்ததாகவே இருக்கும். இடையில் சாப்பிட்டது, அலைந்தது எதையும் காரணம் காட்டி வீட்டில் சண்டை வேண்டாம். தவறு ஒன்று உண்டென்றால் ஸ்கேனை நிறுத்தியதுதான். முதல் சில வருஷம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷத்துக்கு ஒருமுறை என்று குறைந்தது 10 வருஷம் பார்க்க வேண்டும். சிறுகுடலில் தோன்றிய கட்டியென்றால் ஆயுள் முழுக்க.

இப்போது செய்ய வேண்டியவை. முதலில் முதுகெலும்பு. கால் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் அடைப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தண்டுவடம் நசுங்கினால் மணிக்கணக்கில் நிலைமை மாறும். அது இல்லையென்றால் அவசரப்பட வேண்டியதில்லை. இந்தக் கட்டிகளுக்கென்றே உள்ள டோட்டாடேட் பெட் ஸ்கேன் (விவரம் கீழே) ஒன்று, கல்லீரல் செல்கள் உறிஞ்சும் வகை மருந்து ஏற்றி எடுக்கும் கல்லீரல் எம்.ஆர்.ஐ. ஒன்று. அதன்பின், புதிய கட்டிகளில் எது வேகமாக வளர்கிறதோ அதிலிருந்து மறுபடி பயாப்சி. 'பழைய ரிப்போர்ட்தான் இருக்கிறதே' என்று இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பல வருஷம் கழித்து வரும் கட்டி கிரேடு 1-ஆக இல்லாமல் 2-ஆகவோ 3-ஆகவோ மாறியிருக்கலாம். மருந்தே அதை வைத்துத்தான் முடிவாகும். இன்னும் கிரேடு 1 என்றே வந்தால், பத்து வருஷம் நடந்து வந்த கட்டி பத்து வாரத்தில் ஓடிவிடாது. யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது.

கேள்வி: என் கணவருக்குக் கல்லீரலில் மட்டும்தான் கட்டி. ஒரு டாக்டர் 'கல்லீரலிலேயே பிறந்தது' என்கிறார். இன்னொருவர் 'வேறெங்கிருந்தோ வந்தது, தேடணும்' என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: தேடச் சொன்னவர் பக்கம்தான் நாங்கள். கல்லீரலிலேயே பிறக்கும் நியூரோஎண்டோகிரைன் கட்டி உண்டு. ஆனால் இந்த வகைக் கட்டிகள் அனைத்திலும் அது ஏறக்குறைய 0.3 சதவீதம்தான். 'இங்கேதான் பிறந்தது' என்று நிரூபிக்கும் தனிச் சோதனை எதுவும் கிடையாது. மற்ற எல்லா இடத்தையும் பார்த்து, அங்கெல்லாம் இல்லை என்றான பிறகு கொடுக்கும் பெயர் அது.

வழக்கமாக ஒளிந்திருக்கும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. குடலில் இருக்கும் மூலக்கட்டி பட்டாணி அளவுகூட இருக்காது. அது அனுப்பியவை கல்லீரலில் எலுமிச்சை அளவில் உட்கார்ந்திருக்கும். வாய்வழி எண்டோஸ்கோப்பி அங்கே எட்டாது. கொலோனோஸ்கோப்பியும் பெருங்குடல் முடிவில் நின்றுவிட்டால் எட்டாது. வால்வைத் தாண்டி சிறுகுடலுக்குள் சில சென்டிமீட்டராவது நுழைந்து பார்க்க வேண்டும். கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் சிறுகுடல் நுனியைப் பார்த்ததாக ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் கேளுங்கள். சி.டி.யில் குடலைத் தாங்கும் சவ்வில் நெறிகட்டி ஒன்று சுற்றியுள்ளதையெல்லாம் சுருக்கி இழுத்த மாதிரித் தெரிந்தால், மூலம் சிறுகுடலில்தான் என்பதற்கு அது நல்ல துப்பு. கணையத்துக்கு எண்டோஸ்கோப் வழி அல்ட்ராசவுண்ட், நுரையீரலுக்கு மார்பு சி.டி. இரண்டும் பட்டியலில் இருக்க வேண்டும்.

பயாப்சித் துண்டில் போடும் சாயங்களும் வழிகாட்டும். குரோமோகிரானின், சினாப்டோஃபைசின் இரண்டும் பிடித்தால் நியூரோஎண்டோகிரைன். அதன்மேல் சி.டி.எக்ஸ்.2 பிடித்தால் குடல் பக்கம், டி.டி.எஃப்.1 பிடித்தால் நுரையீரல் பக்கம், ஐலெட்-1 என்றால் கணையம் பக்கம். இவை துப்புதானே தவிரத் தீர்ப்பல்ல. இவ்வளவுக்கும் பிறகு ஒன்றும் கிடைக்காமல் கல்லீரல் மூலம் என்று முடிவாகி அறுவையும் முடிந்து, ஆறேழு வருஷம் கழித்துக் குடலில் கட்டி தெரிந்தால், பெரும்பாலும் அன்றைக்கு வைத்த பெயர்தான் தவறு.

பெயர்க் குழப்பம் இந்த நோய்க்குப் பழையது. 1907-ல் முனிச்சில் ஓபர்ன்டார்ஃபர் என்ற நோயியல் மருத்துவர் சிறுகுடலில் இவற்றைப் பார்த்து, புற்றுநோய் போலத் தெரிந்தாலும் சாதுவானவை என்று நினைத்து 'கார்சினாய்டு' என்று பெயர் வைத்தார். 1929-ல் அவரே, இவை பரவவும் செய்யும் என்று திருத்திக்கொண்டார். அந்தப் பழைய பெயரைக் கேட்டு 'இது கேன்சர் இல்லை' என்று நிம்மதியடைபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கேள்வி: ரிப்போர்ட்டில் 'கே.ஐ.-67: 4%' என்று இருக்கிறது. நூற்றுக்கு நாலு பங்குதான் கேன்சரா?
— வாசகர், காரைக்குடி

பதில்: இல்லை. கட்டியின் செல்களில் நூற்றுக்கு நாலு இந்நேரம் பிரிந்து பெருகும் வேலையில் இருக்கின்றன என்று பொருள். 3-க்குக் கீழ் கிரேடு 1, 3 முதல் 20 வரை கிரேடு 2, 20-க்கு மேல் கிரேடு 3. உங்களுடையது கிரேடு 2. கட்டியில் சாயம் அதிகம் பிடித்த இடமாகப் பார்த்துக் குறைந்தது 500 செல்களை எண்ணிச் சொல்ல வேண்டிய எண் இது. மெல்லிய ஊசியில் வந்த சின்னத் துணுக்கில் அத்தனை செல் இல்லாவிட்டால் உண்மைக் கிரேடைவிடக் குறைத்துக் காட்டும். கிரேடு 3 என்று வந்தால் 'நன்கு உருவான கட்டியா, கார்சினோமாவா (செல்கள் உருக்குலைந்த, வேகமான வகை)' என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டுக்கும் கே.ஐ. எண் ஒன்றுபோல இருக்கலாம். வைத்தியம் வேறு வேறு.

கேள்வி: முழு உடல் பெட் ஸ்கேன் எடுத்தோம். 'நார்மல்' என்று வந்துவிட்டது. இனி கவலை இல்லைதானே?
— வாசகர், புதுச்சேரி

பதில்: எந்தப் பெட் என்று பாருங்கள். வழக்கமான பெட் சர்க்கரையை ஏற்றி எடுப்பது. மெதுவாக வளரும் கட்டி சர்க்கரையை அதிகம் இழுக்காது, அதனால் படத்தில் வராமலே போகலாம். இதற்கு வேண்டியது காலியம்-68 டோட்டாடேட் பெட். கட்டி செல்லின் மேல் இருக்கும் சொமட்டோஸ்டாடின் ஏற்பியில் போய் ஒட்டுவது அது. கிரேடு 3 கட்டிகளில் கதை தலைகீழ்; அங்கே சர்க்கரைப் பெட்தான் அதிகம் பேசும். டோட்டாடேட் ரிப்போர்ட்டில் மண்ணீரல், அட்ரினல், கணையத் தலையின் கீழ்முனை ஒளிர்வதாக இருந்தால் பதறாதீர்கள், அவை இயல்பாகவே ஒளிரும்.

கேள்வி: மாமியாருக்கு ரத்தத்தில் குரோமோகிரானின் மூன்று மடங்கு ஏறிவிட்டது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. அடுத்து 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனை எழுதியிருக்கிறார்கள். எப்படிப் பிடிப்பது?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: காலையில் வெறும் வயிற்றில் அவர் 'கேஸ் மாத்திரை' போடுகிறாரா? பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மாத்திரைகள் குரோமோகிரானினை (நியூரோஎண்டோகிரைன் செல்கள் ரத்தத்தில் விடும் புரதம்) தாமாகவே ஏற்றிவிடும். அமிலம் குறைந்ததும் வயிறு காஸ்ட்ரினைக் கூட்டும். அது வயிற்றுச் சுவரில் உள்ள நியூரோஎண்டோகிரைன் செல்களைத் தூண்டும். சிறுநீரகக் கோளாறும் இதே வேலையைச் செய்யும். டாக்டரிடம் கேட்டு மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தி, அதே லேபில் மறுபடி பாருங்கள். லேபுக்கு லேப் கிட் வேறு. ஒரு லேபின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டால் வீண் பயம்தான் மிஞ்சும்.

சிறுநீர்ச் சோதனை செரோட்டோனின் உடைந்து வரும் 5-எச்.ஐ.ஏ.ஏ.வை அளப்பது. தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பிருந்து கேன் நிறையும் வரை வாழைப்பழம், வாழைக்காய், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய், வால்நட், அவகாடோ, பிளம்ஸ் கூடாது. தக்காளி இல்லாமல் தஞ்சாவூர்ச் சமையல் கஷ்டம்தான். புளி ரசம், மோர்க்குழம்பு, தயிர்சாதம் என்று ஒப்பேற்றுங்கள். பாராசிட்டமாலும் சில இருமல் சிரப்புகளும்கூட முடிவைக் கெடுக்கும், முன்பே லேபில் சொல்லுங்கள்.

காலை 6 மணி என்றால், அப்போது போகும் முதல் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிடுங்கள். கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதன்பின் ஒவ்வொரு முறையும் மக்கில் பிடித்துக் கேனில் ஊற்றுங்கள். மறுநாள் காலை 6 மணிக்குப் போவதையும் சேர்த்து முடியுங்கள். கேனின் அடியில் லேப் ஊற்றிக் கொடுத்திருப்பது அமிலம். 'அழுக்குத் தண்ணி' என்று கழுவிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சோதனையே வீண். நேராகக் கேனில் போனால் அமிலம் தெறித்துப் புண்ணாகும், அதற்குத்தான் மக். இருட்டாக, குளிர்ச்சியாக வையுங்கள். நடுவில் ஒருமுறை மறந்து கழிப்பறையில் போய்விட்டால் ஒளிக்காமல் அடுத்த நாள் முதலிலிருந்து தொடங்குங்கள்.

சோதனை முடிந்ததும் வாழைப்பழம் தாராளமாகச் சாப்பிடலாம். ஆயுளுக்கும் விலக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய.

கேள்வி: 49 வயது. முகம் திடீரென்று சிவந்து சூடாகிறது. மாதவிடாய் நிற்கும் காலம் என்கிறார்கள். ஆறு வருஷம் முன்பு குடலில் இந்தக் கட்டியை எடுத்திருக்கிறார்கள் என்பதால் பயமாக இருக்கிறது.
— வாசகி, கோவை

பதில்: மாதவிடாய்ச் சூட்டில் வியர்வை கொட்டும். இந்தக் கட்டியின் சிவப்பு பெரும்பாலும் வறண்டது. கூடவே தண்ணீராக வயிற்றுப்போக்கு, சில நேரம் மூச்சு இழுப்பு. குடலில் கட்டி சுரக்கும் செரோட்டோனினைக் கல்லீரல் வடிகட்டி உடைத்துவிடும். கல்லீரலிலேயே கட்டி வந்து உட்கார்ந்தால் சுரப்பு வடிகட்டிக்கு அந்தப்பக்கம் இறங்கி நேராக இதயத்துக்குப் போகிறது. ஆகவே குடல் கட்டி எடுத்தவருக்கு ஆறாம் வருஷம் இந்தச் சிவப்பு புதிதாக வந்தால், வயதின் மேல் பழி போடுமுன் 5-எச்.ஐ.ஏ.ஏ.வும் கல்லீரல் ஸ்கேனும் பார்த்துவிட வேண்டும். கட்டி என்று உறுதியானால் எக்கோவும் எடுங்கள்: செரோட்டோனின் இதயத்தின் வலப்பக்க வால்வுகளைத் தடிக்கவைக்கும். நுரையீரல் அதை உடைத்துவிடுவதால் இடப்பக்கம் பெரும்பாலும் தப்பிவிடும்.

பல் பிடுங்கப் போனால்கூட டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மரத்துப்போகும் ஊசியில் கலந்திருக்கும் அட்ரினலின், இந்தச் சுரப்பு உள்ளவர்களுக்குச் சிவப்பையும் ரத்த அழுத்தக் குழப்பத்தையும் கிளப்பிவிடலாம்.

கேள்வி: மாதம் ஒருமுறை ஆக்ட்ரியோடைடு 30 மி.கி. ஊசி. பக்கத்துக் கிளினிக்கில் போட்டபோது பாதியில் அடைத்துக்கொண்டது, விலையோ பயங்கரம். இன்னொன்று, மலம் எண்ணெய் மிதக்கப் போகிறது.
— வாசகர், சேலம்

பதில்: கட்டியின் ஹார்மோன் சுரப்பை அடக்கும் இது சாதாரண ஊசிமருந்து இல்லை. நுண்ணிய மணிகளாக உள்ள பொடி. திரவத்தில் கலந்து சில நிமிடத்தில் படியத் தொடங்கிவிடும். அடைப்பதற்கு வழக்கமாக இரண்டு காரணம்: குளிரோடு கலப்பது, கலந்துவிட்டுக் காத்திருப்பது. ஃபிரிட்ஜிலிருந்து (2 முதல் 8 டிகிரி) கிட்டை எடுத்துக் குறைந்தது அரை மணி நேரம் அறையில் வையுங்கள். வெந்நீரில் போடக் கூடாது. திரவத்தைக் குப்பிக்குள் செலுத்தியபின் 5 நிமிடம் ஆட்டாமல் விட்டுப் பொடி ஊறட்டும். பிறகு அரை நிமிடம் மிதமாக ஆட்டிப் பாருங்கள். பால்போல ஒரே சீராக வர வேண்டும், பொடி கட்டிகட்டியாகத் தெரிந்தால் இன்னொரு அரை நிமிடம். நீங்கள் படுத்து, இடம் துடைத்து எல்லாம் தயாரான பிறகே குப்பியிலிருந்து சிரிஞ்சுக்கு ஏற்ற வேண்டும், ஏற்றியதும் போட்டுவிட வேண்டும். பிட்டத்தின் சதைக்குள் ஆழமாக, ஒரு மாதம் வலது, ஒரு மாதம் இடது. கொழுப்பில் நின்றால் கட்டிக்கொள்ளும், மருந்தும் சரியாக இறங்காது. நர்ஸுக்குப் பழக்கமில்லையென்றால் கிட்டில் உள்ள படத்தாளை முதலில் படிக்கச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

எண்ணெய் மலம் இந்த மருந்தின் வேலை: கணைய நொதியை அடக்கிவிடுகிறது. நோய் கூடிவிட்டது என்று நினைத்து மருந்தை ஏற்றாதீர்கள். நொதிக் கேப்சூலைச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு எடுத்தால் பெரும்பாலும் நிற்கும். சாப்பிட்டு முடித்து எடுத்தால் பயன் குறைவு. பித்தப்பைக் கல், சர்க்கரை ஏற்ற இறக்கம் இரண்டையும் கவனியுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு லுடீசியம் சிகிச்சை முடிவாகியிருக்கிறது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. கதிர்வீச்சு ஆபத்தா?
— வாசகர், வேலூர்

பதில்: டோட்டாடேட் பெட்டில் பளிச்சென்று ஒளிர்ந்த கட்டிகளுக்கு, ஏற்பியில் ஒட்டும் அதே மருந்தில், கதிர்வீசும் லுடீசியம்-177-ஐக் கோத்து அனுப்புவதுதான் இது. வழக்கமான அளவு ஒரு முறைக்கு 7.4 கிகாபெக்கெரல், எட்டு வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் நான்கு. 2017-ல் வெளிவந்த நெட்டர்-1 ஆய்வில், சிறுகுடல் வகைக் கட்டிகளில் 20 மாதத்தில் நோய் மேலும் வளராமல் இருந்தவர்கள் இந்தச் சிகிச்சையில் 65 சதவீதம். ஆக்ட்ரியோடைடை மட்டும் இரட்டை அளவில் பெற்றவர்களில் 11 சதவீதம். நமக்கு லுடீசியம் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துருவா உலையிலும் தயாராகிறது.

சிகிச்சையன்று சிறுநீரகத்தைக் காக்க லைசின், அர்ஜினின் கலந்த டிரிப் நான்கு மணி நேரத்துக்கு ஓடும். அன்று வரும் குமட்டல் பெரும்பாலும் அதனால்தான், கதிர்வீச்சால் அல்ல.

மருந்தில் பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் சிறுநீரில் போய்விடும். அந்த நாட்களில் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி போகட்டும். ஆணாக இருந்தாலும் உட்கார்ந்தே போக வேண்டும், தெறிக்கக் கூடாது. ஃபிளஷ் இரண்டு முறை. தண்ணீர் ஊற்றும் கழிப்பறையென்றால் இரண்டு பெரிய வாளி. அம்மாவின் துணி, துண்டு தனியாகத் துவைக்கட்டும். குழந்தை மடியில் ஏறுவது, கூடப் படுப்பது, கர்ப்பிணி பக்கத்தில் நெடுநேரம் இருப்பது எல்லாம் ஆஸ்பத்திரி சொல்லும் நாள் வரை வேண்டாம். கதவுக்கு அந்தப்பக்கம் நின்று பேசிச் சிரிப்பதில் ஒரு ஆபத்தும் இல்லை. முடிந்தால் அந்த ஒரு வாரம் குழந்தையைத் தாத்தா வீட்டுக்கு அனுப்புங்கள். இரண்டு வயதுக்காரருக்கு மீட்டர் கணக்கு புரியாது.

கேள்வி: ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கல்லீரலையே மாற்றினார்கள். அப்படியும் பிழைக்கவில்லையே?
— வாசகர், மதுரை

பதில்: அவருக்குக் கணையத்தில் இதே நியூரோஎண்டோகிரைன் வகைக் கட்டி தெரிந்தது 2003-ல், அறுவை 2004-ல், கல்லீரல் மாற்றம் 2009-ல் மெம்ஃபிஸில், மரணம் 2011 அக்டோபரில். மாற்றிய பிறகு எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மருந்து போட வேண்டும்; உடலில் வேறெங்காவது துகள் ஒளிந்திருந்தால் அதற்கு அது சாதகம். அதனால்தான் மாற்றத்துக்கு இன்று நிபந்தனைகள் கடுமை: குறைந்த கிரேடு, மூலக்கட்டி முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும், கல்லீரலுக்கு வெளியே பரவல் கூடாது, கல்லீரலில் பாதிக்கு மேல் கட்டி கூடாது, ஆறு மாதமாவது நோய் அசையாமல் இருக்க வேண்டும், வயது 60-க்குள். பெரும்பாலோருக்கு இது தேவைப்படாது. ஆரோக்கியமான கல்லீரலில் 70 சதவீதம் வரை வெட்டியெடுத்தாலும் மீதி வளர்ந்துகொள்ளும். வெட்ட முடியாதவற்றுக்குத் தமனியை அடைக்கும் சிகிச்சை உண்டு. கட்டி தமனி ரத்தத்தில் வாழ்கிறது, கல்லீரலோ முக்கால்வாசி ரத்தத்தைக் குடலிலிருந்து வரும் சிரையில் வாங்குகிறது; அதனால் தமனியை அடைத்தால் வாடுவது கட்டிதான். முன்பு பித்தநாளத்தைக் குடலோடு இணைத்த அறுவை நடந்திருந்தால் மட்டும் அடைக்குமுன் சொல்லிவிடுங்கள். கல்லீரலில் சீழ் பிடிக்கும் அபாயம் அவர்களுக்கு அதிகம்.

கேள்வி: பழைய ரிப்போர்ட், ஃபிலிம் எல்லாம் எத்தனை வருஷம் வைத்திருப்பது? அலமாரி நிரம்பிவிட்டது.
— வாசகி, நாகர்கோவில்

பதில்: ஃபிலிம்களைத் தூக்கிப் போடலாம், சி.டி. வட்டில் உள்ள படங்களைப் பென் டிரைவில் ஏற்றிய பிறகு. அறுவைக் குறிப்பையும் பயாப்சி ரிப்போர்ட்டையும் போடக் கூடாது. அதைவிட முக்கியம் மெழுகு பிளாக்: தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் சட்டத்துக்குள் கட்டித் துண்டு மெழுகில் பதிந்திருக்கும், பக்கவாட்டில் எண் இருக்கும். பத்து வருஷம் கழித்து எலும்பில் ஒன்று முளைத்தால், அது பழைய கட்டியின் வாரிசா வேறொன்றா என்று அதையும் இதையும் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும். சில லேபுகள் சில வருஷத்துக்குப் பிறகு பிளாக்குகளை அழித்துவிடும். அதற்குள் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மெழுகு உருகும் என்பதால் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியும் வெயிலில் நிறுத்திய காரும் ஆகாது. கண்ணாடி ஸ்லைடுகளைத் தனிப் பெட்டியில் போடுங்கள். இரண்டாவது கருத்துக்காக வெளியூர் அனுப்பும்போது பிளாக் எண்ணைக் குறித்துக்கொண்டு, பெற்றவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வேலை முடிந்ததும் கேட்டுத் திரும்ப வாங்குங்கள்.